படத்தை அனுப்புவது யார்?

1961 மே மாதம் கேன்ஸ் திரைப்பட விழா மேடையில் ஏறி, 'விரிதியானா' படத்துக்கான தங்கப்பனை விருதை வாங்கிக்கொண்டவர் அதன் இயக்குநர் லூயிஸ் புனுவல் அல்லர். ஸ்பெயின் அரசின் திரைப்படத் துறைத் தலைவர் ஹோசே முன்யோஸ் ஃபொந்தான். ஃபிராங்கோவின் ஆட்சி வந்தபின் நாட்டைவிட்டு வெளியே வாழ்ந்த கலைஞர் புனுவல். அவரையே திரும்ப அழைத்துப் படம் எடுக்க விட்டோம் என்று உலகத்தின்முன் தாராளம் காட்டிக்கொள்ள ஸ்பெயின் அரசு விரும்பியது. எனவே அந்தப் படமே ஸ்பெயினின் அதிகாரபூர்வப் படமாக விழாவுக்குப் போனது. பரிசு கிடைத்த கையோடு வத்திக்கானின் நாளேடு படத்தைக் கண்டித்து எழுதியது. பரிசை வாங்கிய அதிகாரியின் பதவி பறிபோனது. ஸ்பெயினில் 1977 வரை அந்தப் படம் திரைக்கு வரவே இல்லை. தணிக்கையின் மூடத்தனத்துக்கு எடுத்துக்காட்டாக இந்தச் சம்பவத்தைச் சொல்வது வழக்கம். அதைவிட முக்கியமான ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது. ஒரு கலைப் போட்டியின் மேடையில் அரசு அதிகாரி நிற்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? அன்றைய கேன்ஸ் விழாவில் போட்டியிட்டவை பெரும்பாலும் நாடுகள். படங்கள் அந்த நாடுகளின் பிரதிநிதிகளாக வந்தன என்பதே பதில்.

திரைப்பட விழாக்களைப் பற்றிய பேச்சு எப்போதும் நடுவர் குழுவையே சுற்றி வருகிறது. தலைவர் யார், எந்தப் படத்துக்குப் பரிசு, எதற்கு அநியாயமாகக் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் விவாதிக்கிறோம். ஆனால் நடுவர்கள் பந்தியில் உட்கார்ந்தவர்கள். இலையில் விழுந்ததை ருசி பார்த்துச் சொல்லலாமே தவிர, அடுப்பில் எது ஏற வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சொல் கிடையாது. இன்று கேன்ஸுக்கு ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள் வந்து சேர்கின்றன. போட்டிப் பிரிவுக்குள் போவது இருபது சொச்சம். நடுவர் குழு தன் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது படங்களின் தலைவிதி முடிந்துவிடுகிறது. ஆகவே, உலகின் முதன்மையான விழாக்கள் பெற்ற மதிப்புக்குக் காரணம் அவற்றின் நடுவர்கள் அல்லர், படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அரசுகளின் கையிலிருந்து விழாக்கள் பிடுங்கிக்கொண்டதுதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். கேன்ஸின் வரலாற்றில் அந்த மாற்றத்துக்கு ஒரு தேதி உண்டு: 1972.

கதை வெனிஸில் தொடங்குகிறது. 1932 ஆகஸ்டில் லீடோ தீவின் எக்ஸெல்சியர் ஹோட்டல் மொட்டைமாடியில் உலகின் முதல் பெரிய திரைப்பட விழா நடந்தது. அதற்கு நடுவர் குழு இல்லை. பார்வையாளர்களே வாக்களித்துத் தங்களுக்குப் பிடித்ததைச் சொன்னார்கள். இரண்டாம் விழா நடந்த 1934-இல் போட்டி வந்தது, கூடவே முசோலினி கோப்பை என்ற பரிசும் வந்தது. 1936-இல் பன்னாட்டு நடுவர் குழு ஒன்றையும் அமைத்தார்கள். பெயரளவில் எல்லாம் முறைப்படி இருந்தது. 1937-இல் ழான் ரெனுவாரின் 'மாபெரும் மாயை' பார்வையாளர்களைக் கவர்ந்தது. பகைநாட்டு வீரர்களுக்கிடையே மனிதநேயத்தைக் காட்டிய அந்தப் படத்துக்கு ஒரு துணைப்பரிசைக் கொடுத்து, கோப்பையைக் கொடுக்காமல் விட்டார்கள். அடுத்த ஆண்டு மறைப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. லெனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா'வும், முசோலினியின் மகன் வித்தோரியோ மேற்பார்வையிட்ட 'லூச்சியானோ செர்ரா, விமானி'யும் முசோலினி கோப்பைகளை வென்றன. அமெரிக்க, பிரிட்டன் நடுவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினார்கள்.

பிரான்சின் பிரதிநிதியாக வெனிஸ் போயிருந்த பிலிப் எர்லாங்கே, ஊர் திரும்பும் ரயிலிலேயே மாற்று விழா ஒன்றைப் பற்றி யோசித்தார் என்பது கேன்ஸின் பிறப்புக் கதை. கல்வி அமைச்சர் ழான் ஸே அதற்கு ஆதரவு தந்தார். பியாரிட்ஸ் நகரோடு போட்டியிட்டுக் கேன்ஸ் வாய்ப்பைப் பெற்றது. லூயி லூமியரைத் தலைவராக அறிவித்து, 1939 செப்டம்பர் 1 அன்று தொடக்கம் என்று நாள் குறித்தார்கள். அன்றுதான் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. 'நோத்ர் தாம் கூனன்' என்ற ஹாலிவுட் படத்தின் தனிக்காட்சி ஒன்றோடு விழா நின்றுபோனது. ழான் ஸே 1944-இல் விஷி அரசின் துணைப்படையால் கொல்லப்பட்டார். போர் முடிந்து 1946 செப்டம்பரில்தான் முதல் கேன்ஸ் விழா நடந்தது. இந்த வரலாறு பாசிசத்துக்கு எதிரான சுதந்திரக் கலையின் எழுச்சி என்றே நினைவுகூரப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் வெனிஸில் என்ன தவறு நடந்தது என்பதைக் கேன்ஸின் நிறுவனர்கள் பாதிதான் கண்டறிந்தார்கள். நடுவர்களை ஓர் அரசு மிரட்டியது என்பதை அவர்கள் பார்த்தார்கள். படங்களை அரசுகளே அனுப்பும் ஏற்பாடு இருக்கும்வரை எந்த விழாவும் ராஜதந்திரத்தின் நீட்சியாகவே இருக்கும் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

எனவே அவர்கள் கண்ட தீர்வு, ஒரே அரசின் ஆதிக்கத்துக்குப் பதிலாக எல்லா அரசுகளுக்கும் பங்கு. கலந்துகொள்ளும் ஒவ்வொரு நாடும் தன் படங்களைத் தானே தேர்ந்து அனுப்பும். அதிகம் தயாரிக்கும் நாட்டுக்கு அதிக இடம். நடுவர் குழுவிலும் நாட்டுக்கு ஒருவர் உட்காருவார். முடிவு எப்படி இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. 1946-இன் தலைமைப் பரிசான கிராண்ட் ப்ரீயைப் பதினொரு படங்கள் பகிர்ந்துகொண்டன. இத்தாலிக்கு ரொஸலினியின் 'ரோம், திறந்த நகரம்', பிரிட்டனுக்கு டேவிட் லீனின் 'ப்ரீஃப் என்கவுன்டர்', அமெரிக்காவுக்கு பில்லி வைல்டரின் 'த லாஸ்ட் வீக்எண்ட்', மெக்சிகோவுக்கு 'மரியா கந்தெலாரியா', இந்தியாவுக்குச் சேத்தன் ஆனந்தின் 'நீச்சா நகர்' என்று ஆளுக்கொன்று. சோவியத் யூனியன், பிரான்ஸ், ஸ்வீடன், டென்மார்க், சுவிட்சர்லாந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகியவையும் வெறுங்கையோடு திரும்பவில்லை. பதினொரு படங்கள், பதினொரு நாடுகள். இவற்றுள் சில உலகத் திரைப்பட வரலாற்றின் உச்சங்கள் என்பதை மறுக்க முடியாது. அந்தப் பட்டியலைத் தந்த முறை கலைத் தீர்ப்பின் முறை அல்ல, உடன்படிக்கையின் முறை. போரில் வென்றவர்களும் நடுநிலை வகித்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து யார் மனமும் கோணாமல் எழுதிய ஆவணம் அது.

யார் மனமும் கோணக் கூடாது என்ற அந்த எண்ணம் விழாவின் விதிகளிலும் புகுந்தது. ஒரு படம் தன் தேசிய உணர்வைப் புண்படுத்துகிறது என்று கலந்துகொள்ளும் நாடு கருதினால், அதை விலக்கக் கோரலாம். 1956-இல் அலன் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' பட்டியலில் இருந்தது. நாஜி வதைமுகாம்களைப் பற்றிய அந்த அரை மணி நேர ஆவணப்படத்தை மேற்கு ஜெர்மனி ஆட்சேபித்தது, போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நாஜிகளின் நண்பர்களுக்குப் பரிசு கொடுத்த வெனிஸுக்கு எதிராகப் பிறந்த விழா, நாஜிகளின் கொலைக்களத்தைக் காட்டிய படத்தைப் பத்தே ஆண்டுகளில் ஒதுக்கிவைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே ரெனேயின் 'ஹிரோஷிமா என் அன்பே' அமெரிக்காவுக்குச் சங்கடம் தரக் கூடாது என்று போட்டிக்கு வெளியே காட்டப்பட்டது. இரண்டு தடவையும் நடுவர்கள் மீது குற்றமில்லை. அந்தப் படங்கள் அவர்கள் மேசைக்கு வந்து சேரவே இல்லை.

பிற விழாக்களின் நிலையும் இதைவிட மேலாக இல்லை. 1951-இல் மேற்கு பெர்லினில், அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் திரைப்பட அதிகாரி ஆஸ்கர் மார்ட்டேயின் முன்முயற்சியில் தொடங்கிய விழா, பனிப்போரின் முன்னரங்கில் வைத்த காட்சிக்கூடமாகவே கருதப்பட்டது. உலகத் தயாரிப்பாளர் சங்கங்களின் கூட்டமைப்பு அங்கீகரிக்காததால் முதல் சில ஆண்டுகள் அங்கே பன்னாட்டு நடுவர் குழுவே இல்லை. பார்வையாளர் வாக்குகளால் பரிசு கொடுத்தார்கள். 1956-இல்தான் முதல்தர விழா என்ற தகுதியும் நடுவர் குழுவும் கிடைத்தன. அப்போதும், 1974 வரை ஒரு சோவியத் படம்கூட அங்கே திரையிடப்படவில்லை. தங்கக்கரடி பரிசின் பட்டியலைப் பார்த்து அந்தக் கால உலக சினிமாவை எடைபோட முயல்பவர், உலகின் பாதியே இல்லாத தராசைப் பயன்படுத்துகிறார்.

தேசத் தேர்வு முறை எவ்வளவு பெரிய இழப்பை உண்டாக்கும் என்பதற்கு ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் 'ஆந்திரேய் ரூப்ளேவ்' போதும். 1966-இல் முடிந்த படத்தைச் சோவியத் அதிகாரிகள் உள்நாட்டில் வெளியிடவும் இல்லை, வெளிநாட்டு விழாக்களுக்கு மனமுவந்து அனுப்பவும் இல்லை. 1969-இல் கேன்ஸில் அது திரையிடப்பட்டபோது, போட்டிக்கு வெளியே, கடைசி நாள் அதிகாலை நான்கு மணிக்குத்தான் இடம் கிடைத்தது. அப்படியும் பன்னாட்டு விமர்சகர் சங்கத்தின் பரிசை அது பெற்றது. அந்த ஆண்டு நடுவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்திருந்தாலும், அந்தப் பதிற்றாண்டின் மிகப் பெரிய படங்களில் ஒன்றுக்கு வாக்களிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஒரு நாட்டின் சிறந்த படத்தைப் பற்றி அந்த நாட்டின் அதிகாரியிடமே கேட்டால் கிடைக்கும் பதில் இதுதான். தன் அலுவலகத்துக்குத் தொல்லை தராத படத்தையே அவர் முன்வைப்பார். 'விரிதியானா' போன்ற தவறுகள் எப்போதாவது நேரும், அதற்கும் அவரே தண்டனை அனுபவிப்பார்.

இந்த ஏற்பாடு உடைந்தது ஒரே நாளில் அல்ல. 1962-இல் பிரெஞ்சு விமர்சகர்கள் தாங்களே படங்களைத் தேர்ந்து காட்டும் 'விமர்சகர் வாரம்' என்ற இணைப்பிரிவைத் தொடங்கினார்கள். 1968 மே மாதம் பாரிஸ் கொந்தளித்துக்கொண்டிருந்தபோது ஃபிரான்ஸுவா த்ரூஃபோ, ழான்-லுக் கோதார் முதலியோர் விழா அரங்கைக் கைப்பற்றி, திரைச்சீலையைப் பிடித்து இழுத்துத் திரையிடலை நிறுத்தினார்கள். நடுவர்களான லூயி மால், ரோமன் பொலான்ஸ்கி, மோனிகா வித்தி, டெரன்ஸ் யங் ஆகியோர் விலகினார்கள். மே 19 அன்று விழா பரிசுகள் ஏதுமின்றி மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, புதிதாக உருவாகியிருந்த பிரெஞ்சு இயக்குநர் சங்கம் 'இயக்குநர்களின் இருவாரம்' என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. அதற்குப் போட்டியும் கிடையாது, நடுவரும் கிடையாது. எந்த நாட்டின் அனுமதியையும் அது கேட்கவில்லை. புதுமையான படங்களெல்லாம் அந்தப் பக்கம் போகத் தொடங்கின. அதிகாரபூர்வ விழா அமைச்சகங்கள் அனுப்பும் கண்ணியமான படங்களோடு தனித்து நிற்கும் நிலை வந்தது. நடுவர்களை மாற்றி அந்த நிலையைச் சரிசெய்ய முடியாது என்பது அப்போது புலப்பட்டது. 1972-இல் விழாவின் நிர்வாகக் குழு, இனிப் போட்டிப் படங்களை விழாவே தேர்ந்தெடுக்கும் என்று முடிவெடுத்தது. பிரெஞ்சுப் படங்களுக்கு ஒன்று, வெளிநாட்டுப் படங்களுக்கு ஒன்று என்று தேர்வுக் குழுக்கள் அமைந்தன. பொறுப்பேற்ற மோரிஸ் பெஸ்ஸியும், 1978 முதல் அவருக்குப் பின்வந்த ஜில் ழாகோபும் அந்த உரிமையை விழாவின் உயிராகவே மாற்றினார்கள்.

பலன்கள் கண்கூடு. 1978-இல், போலந்து அரசு போட்டிக்கு அனுப்ப மறுத்த ஆந்திரேய் வாய்தாவின் 'பளிங்கு மனிதன்' முன்னறிவிப்பில்லாத வியப்புப் படமாகக் கேன்ஸில் காட்டப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து அவருடைய 'இரும்பு மனிதன்' தங்கப்பனையை வென்றது. 1982-இல் யில்மாஸ் குனெயின் 'யோல்' வென்றது இன்னும் தெளிவான சான்று. துருக்கியச் சிறையிலிருந்து அவர் எழுதித் தந்த திரைக்கதையையும் குறிப்புகளையும் வைத்து ஷெரிஃப் கோரென் எடுத்த படம் அது. சிறையிலிருந்து தப்பி ஐரோப்பாவுக்கு வந்த குனெய் அங்கே படத்தொகுப்பை முடித்தார். துருக்கியில் 1999 வரை தடைசெய்யப்பட்டிருந்த அந்தப் படத்தை எந்த அமைச்சகம் அனுப்பியிருக்கும்? காப்ரியேல் கார்சியா மார்க்கேஸும் நம் மிருணாள் சென்னும் இடம்பெற்றிருந்த நடுவர் குழு, அதற்கும் கோஸ்தா-கவ்ராஸின் 'மிஸ்ஸிங்' படத்துக்கும் பரிசைப் பகிர்ந்தளித்தது. சிலி ராணுவப் புரட்சியில் அமெரிக்காவுக்கு இருந்த பங்கைச் சொன்ன படம் 'மிஸ்ஸிங்'. 1959-இல் ஹிரோஷிமாவுக்கே கூசிய விழா, 23 ஆண்டுகளில் இரண்டு அரசுகளை ஒரே மாலையில் சங்கடப்படுத்தும் துணிவைப் பெற்றிருந்தது. 2022-இல் உக்ரைன் போரையொட்டி ரஷ்ய அரசுக் குழுக்களுக்குக் கேன்ஸ் இடம் மறுத்தது. அதே ஆண்டு கிரில் செரெப்ரென்னிகோவின் படத்தைப் போட்டியில் சேர்த்தது. நாடு வேறு, படம் வேறு என்று பிரித்துப் பார்க்க முடிந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. 2025-இல், ஈரான் அரசின் அனுமதியில்லாமல் எடுத்த படத்துக்காக ஜாபர் பனாஹி தங்கப்பனையைப் பெற்றார்.

தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சான்றும் இருக்கிறது. 2015-இல் தங்கப்பனை வென்ற ழாக் ஓதியாரின் 'தீபன்' பிரெஞ்சுத் தயாரிப்பு என்றாலும், அதன் பெரும்பகுதி உரையாடல் தமிழ். ஈழப்போரின் முடிவில் பிரான்சுக்கு வந்து சேரும் மூவரின் கதை அது. நாயகனாக நடித்தவர், போராளியாக இருந்து எழுத்தாளரான ஷோபாசக்தி என்ற அந்தோனிதாசன் யேசுதாசன். 1956-இன் விதி உயிரோடு இருந்திருந்தால், இலங்கை அரசு ஒரு கடிதம் எழுதி அந்தப் படத்தின் இடத்தைக் கேள்விக்குள்ளாக்கியிருக்கலாம். அது நிச்சயம் நடந்திருக்கும் என்று சொல்லவில்லை. நடந்திருந்தால் விழாவிடம் மறுக்க வழி இருந்திருக்காது என்பதே செய்தி.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு நடுவர்கள் தரப்பிலிருந்து வரும். நடுவர்களுக்கு இவ்வளவுதான் முக்கியத்துவமா? 1970-இல் பெர்லினில் நடந்ததை எடுத்துக்காட்டலாம். வியட்நாமில் அமெரிக்க வீரர்கள் செய்த கொடுமையைப் பற்றிய மிஷாயெல் ஃபெர்ஹோவனின் 'ஓ.கே.' படத்தை விலக்க வேண்டும் என்று நடுவர் குழுத் தலைவரான அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் முனைந்தார். உறுப்பினரான யூகோஸ்லாவிய இயக்குநர் துஷான் மகவேயெவ் எதிர்த்து நின்றார். குழு கலைந்தது, அந்த ஆண்டு பரிசே வழங்கப்படவில்லை. நடுவர்களுக்கு ஒரு விழாவையே கவிழ்க்கும் வலிமை உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் சண்டை எதைப் பற்றி நடந்தது என்று பாருங்கள். அந்தப் படத்துக்குப் பரிசு கொடுக்கலாமா என்பதைப் பற்றி அல்ல. அது போட்டியில் இருக்கலாமா என்பதைப் பற்றி. தேர்வின் உரிமையை நடுவர் கைப்பற்ற முயன்றபோதுதான் விழா உடைந்தது. 1979-இல் கேன்ஸ் நடுவர் குழுத் தலைவராக இருந்த எழுத்தாளர் ஃபிரான்ஸுவாஸ் ஸகான், 'அபோகலிப்ஸ் நௌ' படத்துக்காக நிர்வாகம் நெருக்கடி கொடுத்ததாகப் பின்னர் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். அந்தப் படமும் 'தகர முரசு'ம் பரிசைப் பகிர்ந்திருந்தன. குற்றச்சாட்டு முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பரிசு பெற்ற இரண்டும் தேர்ந்த படங்கள். நடுவரின் தடுமாற்றம் நல்ல படங்களின் வரிசையை மாற்றும். தேர்வாளரின் தடுமாற்றம் ஒரு படத்தை வரலாற்றிலிருந்தே அழிக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. தேசத் தேர்வு முறையில் ஊழலும் கோழைத்தனமும் இருந்திருக்கலாம். ஆனால் சிறிய நாடுகளுக்கு உறுதியான ஓர் இடம் இருந்ததே என்று கேட்கலாம். இந்தியாவின் கணக்கு இந்தக் கேள்விக்கு வலுச் சேர்க்கிறது. 'நீச்சா நகர்' தொடங்கி 'தோ பீகா ஜமீன்', 'பூட் பாலிஷ்', 'பதேர் பாஞ்சாலி', 'சுஜாதா', 'தேவி' என்று 1946-க்கும் 1962-க்கும் இடையே இந்தியப் படங்கள் கேன்ஸ் போட்டியில் அடிக்கடி இடம்பெற்றன. விழாவே தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகு மிருணாள் சென்னும் சத்யஜித் ராயும் உள்ளே போனார்கள். ஆனால் 1994-இல் ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்' படத்துக்குப் பின், 2024-இல் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' வரை முப்பது ஆண்டுகள் ஓர் இந்தியப் படமும் போட்டியில் இல்லை. அந்தப் படம் கிராண்ட் ப்ரீ வென்றது உண்மை. அதுவும் பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்பு என்பதும் உண்மை. எனவே அதிகாரியின் மேசை போய்ப் பாரிஸின் மேசை வந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று ஒருவர் கேட்டால் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் பழைய முறை தந்த இடம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1956-இல் 'பதேர் பாஞ்சாலி' முதலில் திரையிடப்பட்டபோது நடுவர்கள் பலர் வரவே இல்லை. படத்தின் மதிப்பை உணர்ந்த விமர்சகர்கள் சிலர் வற்புறுத்தியதால்தான் மறுதிரையிடல் நடந்தது. 'சிறந்த மானுட ஆவணம்' என்ற பரிசும் கிடைத்தது. நாட்டின் பெயரால் ஒதுக்கிய இருக்கையில் வந்து உட்காரும் படத்தை மற்றவர்கள் மரியாதைக்கு வரவேற்பார்கள், கண்ணெடுத்துப் பார்க்கமாட்டார்கள். 'நீச்சா நகர்' உலகின் தலைமைப் பரிசுகளில் ஒன்றை வாங்கியும் இந்தியத் திரையரங்குகளில் அதற்கு முறையான வெளியீடு கிடைக்கவில்லை. பதினொன்றில் ஒன்றாகப் பகிர்ந்த பரிசுக்கு இருந்த எடை அவ்வளவுதான். 2024-இன் கிராண்ட் ப்ரீக்கு இந்தியாவெங்கும் எழுந்த பேச்சோடு அதை ஒப்பிடுங்கள். கிடைப்பதற்கு அரிதானதால் மட்டும் அந்தப் பேச்சு எழவில்லை. எந்த அமைச்சகத்தின் தயவுமில்லாமல் அந்தப் படம் அங்கே நின்றது. மேலும், வாய்ப்பு ஒரே வாசலில் முடிந்துவிடுவதும் இல்லை. வெற்றிமாறனின் 'விசாரணை' 2015-இல் வெனிஸின் ஒரிசொந்தி பிரிவுக்குத் தேர்வாயிற்று. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவின் தலைமைப் பரிசான டைகர் விருதை வென்றது. காவல்துறைச் சித்திரவதையைச் சொல்லும் ஒரு படத்தையும், குடித்துவிட்டு வெயிலில் மகனை இழுத்துக்கொண்டு நடக்கும் ஒரு தகப்பனைக் காட்டும் ஒரு படத்தையும் நாட்டின் முகமாக முதலில் அனுப்பிவைக்க எந்த அலுவலகத்துக்கு மனம் வந்திருக்கும்?

மூன்றாவது மறுப்பு இன்றைய தேர்வாளர்களையே குறிவைக்கிறது. அரசிடமிருந்து பிடுங்கிய உரிமையை அவர்கள் யாருக்காகப் பயன்படுத்துகிறார்கள்? 2018-இல் 82 பெண்கள் கேன்ஸ் அரங்கின் படிகளில் கைகோத்து நின்றார்கள். 1946 முதல் போட்டியில் இடம்பெற்ற பெண் இயக்குநர்களின் படங்களின் எண்ணிக்கை அது. தேசத் தேர்வு முறை ஒழிந்து 46 ஆண்டுகள் ஆகியும் கணக்கு இவ்வளவு மெலிந்திருந்தது. தேர்வுக் குழுவில் இருப்பவர்களின் பெயர்களை வெளியிடுவோம் என்று விழாவின் கலை இயக்குநர் தியெரி ஃப்ரெமோ கையெழுத்திட்டது அந்த ஆண்டில்தான். வணிகமும் வாசலில் நிற்கிறது. 2017-இல் நெட்ஃபிளிக்ஸின் இரண்டு படங்கள் போட்டிக்குத் தேர்வாயின. பிரெஞ்சுத் திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். போட்டிப் படங்கள் பிரான்சில் திரையரங்குகளில் வெளியாக வேண்டும் என்ற விதி அடுத்த ஆண்டு முதல் வந்தது. அந்த ஆண்டு அல்ஃபோன்ஸோ குவாரோனின் 'ரோமா' கேன்ஸுக்கு வராமல் வெனிஸ் போய்த் தங்கச்சிங்கத்தை வென்றது. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிசெய்கிறது. பெண்கள் போராடியது நடுவர் குழுவில் இடம் கேட்டு அல்ல. அங்கே அவர்களுக்கு முன்பே இடம் இருந்தது. திரையரங்குக்காரர்கள் கைவைத்தது பரிசில் அல்ல, தகுதி விதியில். அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது அதோடு மோதுபவர்களுக்கே முதலில் தெரியும். அரசிடம் இருந்த உரிமைக்கும் விழாவிடம் இருக்கும் உரிமைக்கும் ஒரு வேறுபாடும் உண்டு. அமைச்சகம் எதை அனுப்பாமல் விட்டது என்று 1960-இல் கேட்க வழி இல்லை. ஃப்ரெமோ எதை விட்டார் என்று ஆண்டுதோறும் உலகமே கேட்கிறது, அவரும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

கேன்ஸ் 1972-இல் கைவிட்ட முறை வேறோர் இடத்தில் நெடுங்காலம் உயிரோடு இருந்தது. ஆஸ்கரின் பன்னாட்டுப் படப் பிரிவுக்கு நாட்டுக்கு ஒரு படம், அதை அந்தந்த நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பே அனுப்ப வேண்டும் என்று இருந்தது. முஹம்மத் ரசூலோஃபின் படத்தை ஈரான் அனுப்பாது என்பதால் ஜெர்மனி தன் படமாக அனுப்பியது. பனாஹியின் தங்கப்பனைப் படம் பிரான்சின் படமாகப் போயிற்று. 2024-இல் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு 'லாபதா லேடீஸ்' படத்தை அனுப்பியது. கேன்ஸில் கிராண்ட் ப்ரீ வென்ற இந்தியப் படம் பட்டியலுக்கு வெளியே நின்றது. 'விசாரணை'யும் 'கூழாங்கல்'லும் இதே கூட்டமைப்பால் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டவைதானே என்று கேட்கலாம். ஆம்; ஆனால் இரண்டும் வெளிநாட்டு விழாக்களின் முத்திரையோடு வந்த பிறகே இங்கே அந்த மரியாதையைப் பெற்றன. நாட்டின் பெயரால் தேர்ந்தெடுக்கும் குழு சில சமயம் நல்ல படத்தை அனுப்பும். அந்த நல்ல படத்தை முதலில் கண்டுபிடிப்பது அதன் வேலையாக இருந்ததே இல்லை. ஆகவே அடுத்த முறை ஒரு விழாவின் பரிசுப் பட்டியல் வெளிவரும்போது வென்றவர் பெயரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அந்தப் பட்டியலுக்குள் படங்களை விட்டவர்கள் யார், யாருக்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் தரும் விழாவின் பரிசுக்கு மதிப்பு உண்டு. தராத விழாவின் பரிசு, எவ்வளவு பெரிய நடுவர் கொடுத்தாலும், 1946-இன் பதினொன்றில் ஒன்றுதான்.